பழைய வின்செஸ்டரைக் கடைசிவரை விடாத வேட்டைக்காரர்: யார் இந்த கென்னத் ஆண்டர்சன்?

தீபாவளி நெருங்கினால் சிவகாசி, விருதுநகர், சாத்தூர் கடைகளில் சின்னப் பிள்ளைகள் முதலில் கேட்பது துப்பாக்கியும் பொட்டு வெடியும்தான். விசையை அழுத்தினால் உள்ளே இருக்கும் சின்னச் சுத்தி போய் பொட்டு மேல் அடிக்கும். டப்பென்று ஒரு சத்தம், லேசாகப் புகை. அவ்வளவுதான்.

நிஜத் துப்பாக்கியும் இதே அடிப்படையில்தான் வேலை செய்கிறது. தோட்டாவின் பின்பக்கம் ஒரு பொட்டு இருக்கும். அதை ஊசி தட்டும். பொறி பறக்கும். உள்ளே இருக்கும் மருந்து எரியும். குண்டு பாயும்.

இந்த நூற்றாண்டுப் பழைய இயந்திரத்தில் ஒரு கேள்வி இன்றைக்கும் ஓயவில்லை. பழைய மாடல் நல்லதா, புது மாடல் நல்லதா? குறிப்பாக வின்செஸ்டர் கம்பெனியின் லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் விஷயத்தில் உலகம் முழுக்க இந்த விவாதம் நடக்கிறது.

தமிழ்நாட்டுக் காடுகளில் இந்தக் கேள்வி வெறும் ரசனை விஷயமாக இல்லை. உயிர்ப் பிரச்னையாக இருந்தது. அதற்குச் சாட்சி, தன் வேட்டை வாழ்க்கை முழுக்க ஒரே ஒரு பழைய லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு அலைந்த கென்னத் ஆண்டர்சன். ஜவளகிரி, பென்னாகரம், ஏலகிரி, சீகூர் என்று தமிழ்நாட்டு ஊர்ப் பெயர்களை உலக வாசகர்களிடம் கொண்டுபோனவர் இவர்.

யார் இவர்? எதற்காக அந்தப் பழைய துப்பாக்கி? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த கென்னத் ஆண்டர்சன்?

1910-ம் ஆண்டு மார்ச் 8-ம் தேதி, ஐதராபாத்தை ஒட்டிய பொலாரத்தில் பிறந்தவர் கென்னத் ஆண்டர்சன். ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பம். ஆனால் பல தலைமுறைகளாக இந்தியாவிலேயே வாழ்ந்தவர்கள். அப்பா ராணுவத்தின் சம்பளக் கணக்கு பார்க்கும் அலுவலகத்தில் அதிகாரி. வேட்டைப் பழக்கமும் காட்டு ஆசையும் அப்பாவிடமிருந்துதான் வந்தது.

படிப்பு பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளியில். பிறகு செயின்ட் ஜோசப் கல்லூரி. சட்டம் படிக்கட்டும் என்று எடின்பரோவுக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே மனசு ஒட்டவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டார். அதன்பிறகு பெங்களூருதான் அவருக்கு வீடு.

ஆண்டர்சன் ராஜாவும் இல்லை, ஜமீன்தாரும் இல்லை. மாசச் சம்பளக்காரர். சுமார் 15 வருடம் தபால் தந்தித் துறையில் வேலை பார்த்தார். பிறகு பெங்களூரு விமானத் தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவு மேலாளர். வாரத்தில் ஆபீஸ், லீவு கிடைத்தால் காடு. இதுதான் அவருடைய வாழ்க்கை.

இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் புலி வேட்டை என்றால் யானை மேல் உட்கார்ந்து, நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்துக் காட்டைக் கலைத்து, பரிவாரத்தோடு போவது என்றுதான் பலருக்கு ஞாபகம் வரும். ஆண்டர்சன் போனது தன் காரில். கூட ஒன்றிரண்டு ஊர்க்காரர்கள். ஒரு டார்ச், ஒரு ஃபிளாஸ்க் டீ, ஒரு பைப், ஒரு ரைஃபிள். அந்த ஒரு ரைஃபிள் கைவிட்டால் அடுத்த வழி இல்லை.

அது என்ன லீவர் ஆக்‌ஷன்?

கௌபாய் படம் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். விசைக்குக் கீழே ஒரு வளையம் மாதிரி கைப்பிடி இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்டு முடித்த காலித் தோட்டா வெளியே விழும். அடுத்த தோட்டா உள்ளே ஏறும். இதுதான் லீவர் ஆக்‌ஷன். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமலே அடுத்த சூட்டுக்குத் தயாராகிவிடலாம்.

19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் வின்செஸ்டர் கம்பெனி இந்த வகையில் உலகப் புகழ் பெற்றது. அதன் பெரும்பாலான வெற்றி மாடல்களுக்குப் பின்னால் இருந்தவர் ஜான் பிரவுனிங் என்ற வடிவமைப்பாளர். 1855-ல் பிறந்து 1926-ல் இறந்தவர். 1886, 1892, 1894, 1895 ஆகிய வருடங்களின் பெயரைத் தாங்கிய நான்கு மாடல்களும் அவர் மூளையில் பிறந்தவைதான்.

இதில் மாடல் 1894-தான் சூப்பர் ஹிட். 70 லட்சத்துக்கும் மேல் தயாரானது. ஆனால் ஆண்டர்சன் கையில் இருந்தது அது இல்லை. அவருடையது மாடல் 1895. தோட்டாவின் அளவு 405.

1895-ல் அப்படி என்ன வித்தியாசம்?

இங்கேதான் சிவகாசிக்காரர்களுக்குச் சட்டென்று புரியும் ஒரு விஷயம் இருக்கிறது.

1895-க்கு முந்தைய லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்களில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இன்னொரு நீளக் குழாயில் வரிசையாகப் படுத்திருக்கும். ஒரு தோட்டாவின் மூக்கு, அடுத்த தோட்டாவின் பின்பக்கப் பொட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். மூக்கு தட்டையாக இருந்தால் பிரச்னை இல்லை. கூர்மையாக இருந்தால்? பொட்டு வெடி மேல் ஆணியை வைத்து, ஆணி மேல் தட்டுவது மாதிரி ஆகிவிடும். துப்பாக்கி உதறும்போது உள்ளேயே வெடிக்கும் ஆபத்து.

பிரவுனிங் மாடல் 1895-ல் குழாயைத் தூக்கிவிட்டார். லீவருக்கு முன்னால் ஒரு பெட்டி வைத்தார். தோட்டாக்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். மூக்கு பொட்டைத் தொடாது. அதனால் கூரான, வேகமான, பெரிய தோட்டாக்களைப் போட முடிந்தது.

இன்னொரு மாற்றமும் அந்தக் காலத்தில்தான் நடந்தது. அதுவரை துப்பாக்கிக்குள் போனது கரிமருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த கலவை. விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசு ஆலைகளில் இன்றைக்கும் பயன்படும் அதே அடிப்படை மருந்துதான். பட்டாசுக்குப் புகை அழகு. வேட்டைக்காரனுக்குப் புகை எமன். ஒரு தடவை சுட்டால் முன்னால் புகை மண்டலம். புலி விழுந்ததா, பாய்கிறதா என்றே தெரியாது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் புகையில்லா மருந்து வந்தது. குண்டின் வேகமும் கூடியது. மாடல் 1895 இந்தப் புது மருந்தின் அழுத்தத்தைத் தாங்கும்படி உருவானது.

அந்த ரைஃபிளுக்காக 405 தோட்டா அறிமுகமானது 1904-ல். குண்டின் எடை 19 கிராமுக்கும் மேல். வேகம் நொடிக்குச் சுமார் 670 மீட்டர். அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனபோது கையோடு கொண்டுபோனது இந்த 405-ஐத்தான். அந்தப் பயணத்தோடு இந்த ரைஃபிள் உலகப் புகழ் பெற்றது.

பெட்டியில் நான்கு, குழலில் ஒன்று. மொத்தம் ஐந்து தோட்டா. ஆட்கொல்லி முன்னால் நிற்கும்போது இந்த எண்ணிக்கை சின்ன விஷயம் இல்லை.

புதுசு வந்தும் ஏன் மாறவில்லை?

ஆண்டர்சன் ஆட்கொல்லி வேட்டையில் இறங்கியது 1930-களின் இறுதியில். அப்போதே மாடல் 1895 பழசாகிவிட்டது. 1940 வாக்கில் அதன் உற்பத்தியே நின்றுபோனது. ராணுவங்களும் வேட்டைக்காரர்களும் போல்ட் ஆக்‌ஷன் பக்கம் போய்விட்டார்கள். அதாவது தாழ்ப்பாள் மாதிரி ஒரு கம்பியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளும் முறை. அது உறுதியானது. தூரக் குறிக்கு ரொம்பத் துல்லியம்.

வடக்கே குமாவுன் மலைகளில் ஆட்கொல்லிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட் கையில் இருந்தது அந்த வகைதான். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907-ல் சுட்டதற்காக அவருக்குப் பரிசாகக் கிடைத்தது 275 ரிக்பி என்ற போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். கனமான வேலைக்கு இரட்டைக் குழல் ரைஃபிள் ஒன்றையும் வைத்திருந்தார்.

அப்போ ஆண்டர்சன் மட்டும் ஏன் பழசையே பிடித்துக்கொண்டிருந்தார்?

அவர் வேட்டையாடிய காட்டைப் பார்த்தால் பதில் கிடைக்கும். ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்துக் காடு திறந்த வெளி இல்லை. மூங்கில் புதர், முள்ளுக்காடு, ஓடைப் பள்ளம். புலி தெரியும்போது பெரும்பாலும் சில கஜ தூரம்தான் இருக்கும். அங்கே 300 மீட்டர் துல்லியத்துக்கு வேலையே இல்லை. கிட்டத்தில், கனமான குண்டு, உடனே இரண்டாவது குண்டு. இதுதான் தேவை. 405 அதற்கென்றே செய்த மாதிரி.

இரண்டாவது காரணம் பழக்கம். ராத்திரி மரத்து மேல் பரண் கட்டி உட்காரும்போது கண் உதவாது. கைதான் கண். லீவர் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்தினால் விசை விழும், டார்ச் பட்டன் எந்த விரலுக்கு எட்டும் என்பதெல்லாம் உடம்புக்கே தெரிந்திருக்க வேண்டும். புதுத் துப்பாக்கி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தப் பழக்கம் கடையில் கிடைக்காது.

குறையே இல்லையா? இருக்கிறது. 405-ன் உதைப்பு தோளைப் பெயர்க்கும் என்பது அதைச் சுட்ட பலரும் சொல்லும் குறை. லீவரை இயக்கும் சத்தம் அமைதியான காட்டில் எடுப்பாகக் கேட்கும். உற்பத்தி நின்ற துப்பாக்கிக்குத் தோட்டா தேடுவதும் சுலபம் இல்லை. இவ்வளவும் இருந்தும் அவருடைய வேட்டைக் கதைகள் முழுக்க அந்த 405 வின்செஸ்டர்தான் கூடவே வருகிறது.

ஜவளகிரி: ஒரு அரைகுறைச் சூடு செய்த அநியாயம்

சரி, துப்பாக்கி தேர்வு எப்படி உயிர்ப் பிரச்னை ஆகும்? இதைப் புரிந்துகொள்ள இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்து ஜவளகிரிக்குப் போக வேண்டும்.

அந்தப் பகுதியில் ஒரு பெண் புலி இருந்தது. அதன் ஜோடி சுடப்பட்டு இறந்தது. ஜோடியைத் தேடிக் கூப்பிட்டுக்கொண்டு அலைந்த பெண் புலியை இளம் வேட்டைக்காரர் ஒருவர் சுட்டார். புலி சாகவில்லை. காயத்தோடு தப்பி ஓடியது.

அடுத்து நடந்தது அந்தப் பகுதிக்கே கொடுமை. காயம்பட்ட புலியால் மானையும் காட்டெருமையையும் விரட்டிப் பிடிக்க முடியாது. அதனிடம் சுலபமாகச் சிக்குவது மாடு மேய்ப்பவர்கள், விறகு பொறுக்கப் போகிறவர்கள், காட்டுப் பாதையில் நடந்து போகிறவர்கள். ஜவளகிரி சுற்று வட்டாரத்தில் ஒருவர் பின் ஒருவராக மனிதர்கள் இறந்தார்கள். சுட்டவர் வீட்டுக்குப் போய்விட்டார். விலை கொடுத்தது காட்டோரத்து ஏழைகள்.

ஆண்டர்சன் பல நாள் முயன்றும் புலி சிக்கவில்லை. கடைசியில் அவர் எடுத்தது பெரிய ரிஸ்க். ஆண் புலி மாதிரியே குரல் கொடுத்து அந்தப் பெண் புலியைத் தன்னிடம் வரவழைத்தார். பொழுது சாயும் நேரம். புலி பதில் குரல் கொடுத்தபடி நெருங்கி வந்தது. கிட்டத்தில் வந்தபோது 405 பேசியது.

ஆட்கொல்லியை ஒழித்த கதை என்று இதைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஆண்டர்சன் எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் செய்தி வேறு. ஆட்கொல்லி பிறப்பதில்லை, பெரும்பாலும் மனிதன்தான் அதை உருவாக்குகிறான். போதாத துப்பாக்கி, நாட்டுத் துப்பாக்கியில் போட்ட ஈயத் துண்டு, அவசரத்தில் சுட்ட சூடு, சுட்டுவிட்டுத் தேடிப் போகாத சோம்பேறித்தனம். இவைதான் பல ஆட்கொல்லிகளுக்குக் காரணம். முள்ளம்பன்றியின் முள் குத்திக் காலூன்ற முடியாமல் போன புலி, சிறுத்தைகளும் உண்டு.

அதனால்தான் எந்தத் துப்பாக்கி என்பது முக்கியமாகிறது. வேட்டைக்காரனின் பெருமைக்காக இல்லை. ஒரே சூட்டில் முடிக்காவிட்டால் அடுத்த பலி யாரோ ஒரு மாடு மேய்க்கும் பையன்.

கும்மளாபுரத்துச் சிறுத்தையும் தெரு நாயும்

ஆண்டர்சன் பெயரைப் பிரபலமாக்கிய இன்னொரு சம்பவம் கும்மளாபுரம் சிறுத்தை. பழைய சேலம் மாவட்டமும் மைசூர் சமஸ்தானமும் சேரும் எல்லைக் காடு அது. அந்தச் சிறுத்தை 40-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதாக அவர் எழுதியிருக்கிறார். பொழுது சாய்ந்தால் கிராமமே கதவடைத்துவிடும். வெளியே தலைகாட்ட ஆள் இருக்காது.

புலியைவிட ஆட்கொல்லிச் சிறுத்தை ஆபத்தானது என்பார்கள். காரணம், அது கூரை மேல் ஏறும், சுவரைத் தாண்டும், வீட்டுக்குள்ளேயே நுழையும். அந்த ஊரில் காவலிருந்தபோது ஆண்டர்சனுக்குத் துணையாகச் சேர்ந்தது பசியோடு திரிந்த ஒரு தெரு நாய். ஆபத்து நெருங்குவதை அந்த நாயின் உறுமல்தான் அவருக்குச் சொன்னது. வேலை முடிந்ததும் அதைத் தன்னோடு பெங்களூருவுக்கே கூட்டிப் போய் வளர்த்தார். நிப்பர் என்று பெயரும் வைத்தார்.

எவ்வளவு நல்ல ரைஃபிளாக இருந்தாலும் இருட்டில் அது தானாகப் பார்க்காது. இந்தக் கதை சொல்வது அதைத்தான்.

காட்டைச் சொல்லிக் கொடுத்தது யார்?

நாயைப் போலவே, ஆண்டர்சன் மறக்காமல் குறிப்பிடும் மனிதர்களும் உண்டு. முக்கியமானவர் பைரா. பென்னாகரம் காட்டுப் பகுதியில் வாழ்ந்த பூசாரி இனத்துக்காரர். இடுப்பில் ஒரு துணி, கையில் ஒன்றுமில்லை. ஆனால் காட்டில் ஒரு இலை மடங்கியிருந்தாலும் காரணம் சொல்லிவிடுவார். தடத்தைப் பார்த்து மிருகம் எது, எப்போது போனது என்று படிக்கத் தெரிந்தவர். பென்னாகரத்து வண்டிக்காரர் ரங்காவும் பல கதைகளில் கூட வருகிறார்.

இவர்கள் இல்லாவிட்டால் 405 வின்செஸ்டர் வெறும் இரும்பும் மரமும்தான். எங்கே உட்கார வேண்டும், எப்போது காத்திருக்க வேண்டும் என்று சொன்னது இவர்களுடைய அறிவு.

கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1878-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி இந்தியர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் வேண்டும். ஐரோப்பியர்களுக்கு அதிலிருந்து விதிவிலக்கு இருந்தது. பிற்காலத்தில் விதிகள் மாறினாலும், காட்டோரத்துச் சாமானியர் கையில் நல்ல ரைஃபிள் வந்து சேரவில்லை. புலி அடித்துச் செத்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். தடம் பார்த்தவர்களும் உள்ளூர்க்காரர்கள். துப்பாக்கியும் புகழும் மட்டும் வெள்ளைக்காரருக்குப் போனது. பைராவின் பெயரையும் ரங்காவின் பெயரையும் அட்டை வரை கொண்டுபோகாவிட்டாலும் பக்கங்களுக்குள் கொண்டுவந்தவர் என்ற அளவில் ஆண்டர்சன் பலரிடமிருந்து வேறுபடுகிறார்.

எத்தனை ஆட்கொல்லிகள்? எத்தனை புத்தகங்கள்?

1939 முதல் 1966 வரை 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகள், 7 ஆட்கொல்லிப் புலிகள். அரசுப் பதிவுகளில் ஆண்டர்சன் பெயரில் இருப்பதாகச் சொல்லப்படும் கணக்கு இது. இது தவிர வெறி பிடித்த யானை, ஆட்களைத் தாக்கிய கரடி என்று பல வேட்டைகள்.

முதல் புத்தகம் 1954-ல் லண்டனில் வெளியானது. ஒன்பது ஆட்கொல்லிகளும் ஒரு ஒற்றை யானையும் என்பதுதான் தலைப்பின் பொருள். அடுத்து 1957, 1959, 1961, 1964, 1967, 1970 என்று வரிசையாக வேட்டைப் புத்தகங்கள். கடைசிப் புத்தகம் அவர் இறந்த பிறகுதான் வெளிவந்தது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இவை நெருக்கமாகத் தோன்றக் காரணம் ஊர்ப் பெயர்கள். ஒகேனக்கல், சின்னாறு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டை, ஏலகிரி. பஸ் போர்டில் பார்க்கும் பெயர்கள் எல்லாம் உலகப் புத்தகத்தில்.

எல்லாக் கதையும் அப்படியே நடந்ததா, கொஞ்சம் மசாலா சேர்த்தாரா என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. பல சம்பவங்களுக்கு அவர் ஒருவரே சாட்சி என்பதால் இந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் காட்டைப் பற்றியும் மிருகங்களின் நடத்தையைப் பற்றியும் அவர் எழுதிய விவரங்களுக்கு இன்றைக்கும் மதிப்பு இருக்கிறது.

துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு

வயது ஏற ஏற ஆண்டர்சனின் பார்வை மாறியது. காரில் விளக்கடித்துக் கண்மூடித்தனமாகச் சுடும் கும்பல், மாட்டுச் சடலத்தில் விஷம் வைத்துப் புலியைக் கொல்லும் வழக்கம், அழிந்துகொண்டே போகும் காடு. இதையெல்லாம் கோபத்தோடு எழுதினார். பிற்காலத்தில் துப்பாக்கியைவிடக் கேமராவோடு காட்டுக்குப் போவதில் ஆர்வம் காட்டினார்.

நாடும் மாறியது. 1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973 ஏப்ரலில் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. புலி தேசிய விலங்கானது. அடுத்த வருடம், 1974 ஆகஸ்ட் 30-ம் தேதி, புற்றுநோயால் பெங்களூருவில் இறந்தார் ஆண்டர்சன். வயது 64. வேட்டைக்காலம் முடிந்ததும் வேட்டைக்காரரும் போய்ச் சேர்ந்தார்.

அவர் மகன் டொனால்டு ஆண்டர்சனும் வேட்டைக்காரர். 2014-ல் இறந்தார். அவருடைய நினைவுக் குறிப்புகள் 2018-ல் புத்தகமாக வந்தன.

பழைய ரைஃபிளா, புது ரைஃபிளா?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். வின்செஸ்டர் ரசிகர்களிடம் ஒரு கோடு இருக்கிறது. 1964. அந்த வருடம் செலவைக் குறைப்பதற்காக மாடல் 94-ன் தயாரிப்பு முறையைக் கம்பெனி மாற்றியது. இரும்புக் கட்டியைக் கடைந்து செய்த பாகங்களுக்குப் பதில் தகட்டில் அழுத்தி எடுத்த பாகங்கள் வந்தன. ரைஃபிள் வேலை செய்தது. ஆனால் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து 64-க்கு முந்தையதா, பிந்தையதா என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும் முதல் கேள்வி. அமெரிக்காவின் நியூ ஹேவன் ஆலையும் 2006-ல் மூடப்பட்டது.

மாடல் 1895-ன் கதை வேறு. அது ஜப்பானின் மிரோக்கு ஆலையில் மறுபிறவி எடுத்தது. 1980-களில் பிரவுனிங் பெயரில், பிறகு வின்செஸ்டர் பெயரிலேயே. 2000 வாக்கில் 405 தோட்டாவுக்கும் உயிர் வந்தது.

பழசின் பலம்: கைவேலை, வரலாறு, சேகரிப்பாளர் மதிப்பு. பலவீனம்: நூறு வயது மரக்கட்டையில் விரிசல் இருக்கலாம், குழலின் உட்புறம் தேய்ந்திருக்கலாம், உதிரி பாகம் கிடைப்பது கஷ்டம்.

புதுசின் பலம்: நவீன எஃகு, சீரான தயாரிப்பு, கூடுதல் பாதுகாப்புப் பூட்டு. பலவீனம் என்று ரசிகர்கள் சொல்வதும் அதே பூட்டைத்தான். பிரவுனிங் வரைந்ததில் இல்லாத ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பார்கள். சுருக்கமாகச் சொன்னால், அலமாரியில் வைக்கப் பழசு, சுடப் புதுசு என்பதுதான் வெளிநாடுகளில் பலருடைய முடிவு.

இந்தியாவில் இந்தத் தேர்வே கிட்டத்தட்ட இல்லை. 1980-களின் நடுவிலிருந்து தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்யக் கடும் தடை இருக்கிறது. விளையாட்டு வீரர்கள் போன்ற சிலருக்கே விலக்கு. 2019-ல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டபின் ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்துக்கொள்ளலாம். வேட்டையும் தடை. ஆகவே இங்கே இருக்கும் பழைய வின்செஸ்டர்கள் பெரும்பாலும் தாத்தா காலத்து உரிமத்தில் பீரோவுக்குள் தூங்குகின்றன.

விருதுநகர் காட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

விருதுநகர் மாவட்டம் என்றால் கந்தக பூமி, பட்டாசு, தீப்பெட்டி, வெயில் என்றுதான் நினைப்போம். ஆனால் சிவகாசியிலிருந்து மேற்கே பார்த்தால் தெரியும் மலை புலிக்காடு. சாம்பல் நிற அணில் சரணாலயத்தையும் மேகமலை சரணாலயத்தையும் சேர்த்து, 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 5-வது, நாட்டின் 51-வது காப்பகம் இது.

இன்றைக்கு அரைகுறைச் சூட்டின் இடத்தைப் பிடித்திருப்பது அவுட்டுக்காய். பழத்துக்குள்ளோ மாவு உருண்டைக்குள்ளோ வெடிமருந்தை வைத்துக் காட்டுப்பன்றிக்குப் போடும் நாட்டு வெடி. கடித்தால் வாய் சிதறும். பன்றிக்கு வைத்ததை யானையும் கடிக்கிறது. 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கர்ப்பிணி யானை ஒன்று இப்படித்தான் வாய் சிதைந்து, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே உயிரை விட்டது. தமிழ்நாட்டுக் காட்டோரங்களிலும் இந்த வெடி யானைகளைக் கொன்றிருக்கிறது. பட்டாசாக வானில் பூக்க வேண்டிய மருந்து செய்யும் வேலையா இது? ஜவளகிரி புலியின் பாடம் இதற்கும் அப்படியே பொருந்தும். காயப்பட்ட மிருகம் தனக்கும் ஆபத்து, ஊருக்கும் ஆபத்து.

மறுபக்கம் நல்ல மாற்றமும் இருக்கிறது. ஆண்டர்சன் ஒரு காலத்தில் ஆட்கொல்லிப் புலியைச் சுட்ட சீகூர், நீலகிரி மாவட்டம் மசினகுடிக்குப் பக்கம். அதே வட்டாரத்தில் 2021-ல் டி23 என்ற புலி நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்டது. ஊர் கொதித்தது. சுட்டுக் கொல்ல வேண்டும் என்ற குரல் எழுந்தது. உடனே கொல்ல வேண்டாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். வனத்துறை, பழங்குடித் தடம் பார்ப்பவர்கள், கும்கி யானை, மோப்ப நாய், டிரோன் என்று 21 நாள் தேடினார்கள். அக்டோபர் 15-ம் தேதி மயக்க ஊசி செலுத்தி டி23 உயிரோடு பிடிக்கப்பட்டது. உடலில் காயங்களோடு இருந்த அந்தப் புலி சிகிச்சைக்காக மைசூருவுக்கு அனுப்பப்பட்டது.

அன்று ஆண்டர்சன் கையில் 405. இன்று வனத்துறை கையில் மயக்க ஊசித் துப்பாக்கி. கருவி மாறிவிட்டது. ஆனால் தடம் படிக்கும் பைராக்கள் இல்லாமல் அன்றும் நடக்கவில்லை, இன்றும் நடக்கவில்லை. கிட்டத்தில் போய், பொறுமையாக இருந்து, ஒரே சூட்டில் சரியாக முடிக்க வேண்டும் என்ற விதியும் மாறவில்லை.

அடுத்த தீபாவளிக்குப் பிள்ளைகள் பொட்டு வெடித் துப்பாக்கியை நீட்டும்போது இந்தக் கதையைச் சொல்லலாம். விசையை அழுத்துவது ஒரு நொடி வேலை. அது தவறினால் என்ன ஆகும் என்பதை ஜவளகிரி காட்டோரத்து வீடுகள் பல மாதம் அனுபவித்தன.